பொம்மைப் படைவீரர்களும் டயோராமாக்களும்: வாசகர் கேள்வி – பதில்

பொம்மைப் படைவீரர்களைச் சேர்ப்பவர்களும் டயோராமா எனப்படும் சிறிய போர்க்களக் காட்சிகளை அமைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். யூடியூபில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு மேசைகளில் எடுக்கப்பட்டவை. அங்கே பிசகாமல் வரும் முறை கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல நேரம் காலை வாரிவிடும். நம் காற்றிலுள்ள ஈரம்தான் காரணம். அதை மனத்தில் வைத்தே ஒவ்வொரு பதிலையும் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இப்போதுதான் இந்த ஆசை வந்திருக்கிறது. கடைக்குப் போனால் 1/72, 1/48, 1/35, 54 மி.மீ. என்று தலை சுற்றுகிறது. எதில் தொடங்குவது? — செந்தூல் வாசகர்

1/35-இல், அதாவது நிஜத்தின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில், தொடங்குங்கள். 1.70 மீட்டர் உயரமுள்ள ஆள் 1/72-இல் 24 மி.மீ. தான் இருப்பான், முகத்தில் கண் வரைவதற்குள் பொறுமை போய்விடும். 1/35-இல் அதே ஆள் 49 மி.மீ. முகம், சட்டைப் பொத்தான், தோட்டாப் பை எல்லாம் தூரிகைக்கு எட்டும். டாங்கி, லாரி, மரப்பெட்டி, தண்ணீர் டின் போன்ற துணைப்பொருள்களும் இந்த அளவில்தான் அதிகம் கிடைக்கின்றன.

54 மி.மீ. என்பது விகிதம் அல்ல, நிற்கும் உருவத்தின் உயரம். ஏறக்குறைய 1/32-க்குச் சமம். அதையும் 1/35-ஐயும் ஒரே பலகையில் கலக்காதீர்கள். ஆள் உயரத்தில் உள்ள வித்தியாசத்தைக் கண் மன்னித்துவிடும், ஆயுதத்தில் மன்னிக்காது. லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியின் நீளம் 1,130 மி.மீ. அது 1/35-இல் 32 மி.மீ., 1/32-இல் 35 மி.மீ. இரண்டையும் அருகருகே வைத்தால் உடனே தெரிந்துவிடும்.

முதல் வேலைக்கு 15 × 15 செ.மீ. பலகை, மூன்று உருவங்கள் போதும். வண்டி வேண்டாம். கருவிகள்: நிப்பர், கூர்கத்தி, 400 மற்றும் 800 எண் உப்புத்தாள், மெல்லிய பிளாஸ்டிக் பசை, இரண்டு நல்ல தூரிகைகள், பத்து நிறங்கள். சுங்கை வாங் பக்கம் கன்பிளா ரோபோக்கள் விற்கும் கடைகளில் இவை எல்லாமே இருக்கும். ரோபோவுக்கும் படைவீரனுக்கும் நிப்பரும் பசையும் ஒன்றுதான்.

பிளாஸ்டிக் உருவத்தை ஒட்டும்போது இரண்டு இடங்களில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, இடுப்பும் காலும் சேரும் கோடு. பசையைத் தாராளமாகத் தடவி, உருகிய பிளாஸ்டிக் மெல்லிய வரம்பாகப் பிதுங்கும் வரை அழுத்துங்கள். பிதுங்கியதைத் துடைக்காமல் ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுக் கத்தியால் சுரண்டினால் கோடு இருந்த தடமே தெரியாது. இரண்டாவது, துப்பாக்கி பிடித்த கைகள். ஒரு கையை ஒட்டிக் காயவைத்துவிட்டு மறுகையை ஒட்டினால், துப்பாக்கிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடைவெளி விழும். இரண்டு கைகளையும் துப்பாக்கியையும் பசை இளகியிருக்கும் ஐந்து பத்து நிமிடத்துக்குள் ஒன்றாகவே பொருத்திச் சரிசெய்துவிடுங்கள்.

கேள்வி: கடைசியாகப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். மறுநாள் பார்த்தால் உருவம் முழுக்கச் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறது. மூன்று வார வேலை வீணா? — ஆயர் ஈத்தாம் வாசகர்

வீணில்லை. ஸ்ப்ரேயிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பனியாய்ப் படிந்து வார்னிஷுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. மழைக்கு முன்னும் பின்னும் அடித்தால் இப்படித்தான் ஆகும். இன்னொரு காரணமும் உண்டு: டின்னைச் சரியாகக் குலுக்காவிட்டால் மேட் தரும் தூள் ஒரே இடத்தில் கொட்டி வெளுக்கும்.

காய்ந்த நாள் ஒன்றில் அதே வகை பளபளப்பு வார்னிஷை மிக மெல்லியதாக அடித்துப் பாருங்கள். அதிலுள்ள கரைப்பான் பழைய பூச்சை இளக்கிவிடும். பெரும்பாலும் வெண்மை மறைந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் மறுபடி மேட் அடியுங்கள்.

இனி வராமலிருக்க ஓர் ஈரமானி வாங்கி வேலை மேசையில் வையுங்கள். விலை அதிகமில்லை. 70 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் டின்னைத் தொடாதீர்கள். ஏர்கோன் ஒரு மணி நேரம் ஓடிய அறையில் ஈரம் நன்றாக இறங்கும். ஆனால் ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளேயே அடித்து மூச்சில் இழுக்கக் கூடாது. உருவத்தை அறைக்குள் உலரவிட்டு, வாசலில் அடித்து, உடனே உள்ளே கொண்டுபோய்விடுங்கள். டின்னை 40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி, இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தள்ளி நின்று அடிக்க வேண்டும். கொதிநீரில் ஒருபோதும் வைக்காதீர்கள், டின் வெடிக்கும். எங்களைக் கேட்டால் இந்த ஊரில் மேட் பூச்சுக்குத் தூரிகையில் தடவும் நீர்வகை வார்னிஷோ ஏர்பிரஷோதான் நம்பகமானவை.

கேள்வி: வல்லேஹோ நிறுவனத்தின் நிறத்தை நீர்க்கத் தாமியா நிறுவனத்தின் தின்னரை ஊற்றினேன். திரிந்து கட்டிகட்டியாகிவிட்டது. நிறம் பழசா? — ஜெலுத்தோங் வாசகர்

நிறம் நல்லதுதான். தாமியாவின் எக்ஸ்-20ஏ தின்னரில் ஆல்கஹால் இருக்கிறது. வல்லேஹோ மாடல் கலர் அதைத் தாங்காது. வல்லேஹோவுக்குத் தண்ணீர் அல்லது அதன் சொந்தத் தின்னர் மட்டும். தூரிகையை உடனே சோப்பு நீரில் கழுவுங்கள்.

கேள்வி: காலஞ்சென்ற என் தாத்தாவின் பெட்டியில் முப்பது ஈயப் படைவீரர்கள் கிடைத்தார்கள். அடியில் இங்கிலாந்து முத்திரை இருக்கிறது. சிலவற்றின் காலில் வெள்ளைப் பொடி. பூசணமா? கழுவிப் புதிதாகப் பெயிண்ட் அடிக்கலாமா? — பட்டர்வொர்த் வாசகி

அம்மா, தயவுசெய்து பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். பழைய ஈயப் படைவீரனின் மதிப்பில் பெரும்பகுதி அந்த அசல் பூச்சில்தான் இருக்கிறது. பாதி உதிர்ந்திருந்தாலும் அதுவே அசல்.

தூக்கிப் பாருங்கள். அளவுக்குப் பொருந்தாமல் லேசாக இருந்து, தலையிலோ அடியிலோ சிறு துளை தெரிந்தால் அது உள்கூடு வார்ப்பு. லண்டனைச் சேர்ந்த பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893-இல் கொண்டுவந்த முறை. உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்தவுடன் நடுவிலுள்ளதை வெளியே கொட்டிவிடுவார்கள். உலோகம் மிச்சம், விலையும் குறைவு. அதனால்தான் அன்றைக்குத் திடவார்ப்புப் பொம்மைகளை விற்ற ஜெர்மானியரை அவர்களால் முந்த முடிந்தது. 1960-களின் நடுப்பகுதியோடு பிரிட்டனில் ஈயப் பொம்மைகளின் காலம் முடிந்தது.

அந்த வெள்ளைப் பொடி பூசணம் அல்ல. ஈயம் அரிக்கப்பட்டு உண்டாகும் ஈயக் கார்பனேட். மூடப்பட்ட பெட்டிக்குள் அமில ஆவி தேங்குவதும் ஈரமும் சேர்ந்து இதைச் செய்கின்றன. ஓக் மரம், புது பிளைவுட், எம்டிஎஃப் (மரத்தூள் பலகை), பழைய அட்டை எல்லாம் அந்த ஆவியை விடுபவை. இப்போது செய்ய வேண்டியது இது. கையுறையும் முகக்கவசமும் போட்டு, வெள்ளை பூத்தவற்றை உடனே பிரித்து வையுங்கள். ஈரத்துணி விரித்த தட்டின்மேல் பிடித்து மென்மையான காய்ந்த தூரிகையால் பொடியைத் தட்டிவிடுங்கள். ஊதவும் வேண்டாம், உப்புத்தாள் போடவும் வேண்டாம், அந்தத் தூள் நச்சு. தண்ணீரிலோ வினிகரிலோ கழுவினால் அரிப்பு இன்னும் பரவும். துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

பிறகு கண்ணாடியும் பெயிண்ட் சுட்ட இரும்பும் கொண்ட அலமாரிக்கு மாற்றுங்கள். கண்ணாடி ஓரத்தை அடைக்கச் சிலிக்கோன் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புளிக்காடி வாசனை வந்தால் அதை அலமாரிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்; அது காயும்போது வெளியேறுவது அசிட்டிக் அமிலம்தான், ஈயத்துக்கு எமன். அமிலம் விடாத நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்கவேண்டும். அசல் அட்டைப்பெட்டிக்கும் மதிப்பு உண்டு, அதைத் தனியே வையுங்கள். படைவீரர்களை அதற்குள் வைக்காதீர்கள்.

கழன்ற தலை இருந்தால் கழுத்துத் துளையில் தீக்குச்சித் துண்டு ஒன்றைச் செருகி நிறுத்துவது பழங்காலத்து முறை. பிற்பாடு கழற்றவும் முடியும். சூப்பர் குளூ போட்டால் அது நிரந்தரம். பேரப்பிள்ளைகள் கையில் இவற்றை விளையாடக் கொடுக்காதீர்கள். தொட்டபின் பெரியவர்களும் சோப்பு போட்டுக் கை கழுவவேண்டும்.

கேள்வி: சிலிம் ரிவர் சண்டையை 1/35-இல் செய்ய விரும்புகிறேன். பால்மர (ரப்பர்) தோட்டத்தின் நடுவே டாங்கி வருவது என் கற்பனை. எதை வாங்குவது, எப்படி அமைப்பது? — கெப்போங் வாசகர்

நல்ல தேர்வு. நார்மண்டியையே திரும்பத் திரும்பச் செய்யும் பலகைகளுக்கு நடுவே, நம் பாட்டன்மார் சீவிய மரங்களுக்கிடையே நடந்த சண்டையைச் செய்ய வேண்டும் என்ற எண்ணமே மகிழ்ச்சி தருகிறது. அதனாலேயே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

இரண்டாம் உலகப்போரில், 1942 ஜனவரி 7, விடிவதற்கு வெகுநேரம் முன்பு, ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து பெருஞ்சாலை வழியே வரிசையாகப் புகுந்தன. 11-ஆவது இந்திய டிவிஷனின் இரண்டு பிரிகேடுகள் சில மணி நேரத்தில் சிதறின. காலையில் டாங்கிகள் சிலிம் ஆற்றுப் பாலத்தைப் பிடித்தன. நான்கு நாள் கழித்து, ஜனவரி 11-இல், கோலாலம்பூர் விழுந்தது. பிரிட்டிஷ் தரப்பில் நின்றவர்களில் பஞ்சாபியர், ஹைதராபாத் படையினர், கூர்க்காக்கள், ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படையினர் உண்டு.

முதலில் டாங்கி. டைப் 97 சி-ஹா வாங்கும்போது பீரங்கியைப் பாருங்கள். குட்டையான 57 மி.மீ. பீரங்கியும் கோபுரத்தைச் சுற்றிய கைப்பிடிபோன்ற ஆன்டெனாவும் உள்ளதே மலாயாவுக்குரியது. நீண்ட 47 மி.மீ. பீரங்கியுள்ள பிந்திய வகை இந்தச் சண்டையில் இல்லை. தாமியா இரண்டையுமே விற்கிறது, பெட்டிப் படத்தைப் பார்த்து அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுவார்கள். சிறிய டைப் 95 ஹா-கோவும் பொருந்தும். நிறம்: காக்கி மண், பழுப்பு, பச்சைத் திட்டுகள், அவற்றின் குறுக்கே மெல்லிய மஞ்சள் பட்டைகள்.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் முக்கியம். பிரிட்டிஷ் டாங்கி அங்கே ஒன்றுகூட இல்லை. ஜீப் வேண்டாம், ஸ்டென் துப்பாக்கி வேண்டாம். காட்டுப்பச்சைச் சீருடை பின்னாளில் வந்தது. 1942 ஜனவரியில் அரைக்கை காக்கிச் சட்டையும் காக்கி அரைக்கால் சட்டையும்தான். ஜப்பானிய வீரன் கையில் டைப் 38 துப்பாக்கி என்றால் அது நீளமானது: 1,275 மி.மீ., அதாவது 1/35-இல் 36 மி.மீ. உருவத்தோடு வந்த துப்பாக்கியை அளவுகோலில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பலகை 30 × 30 செ.மீ. சி-ஹாவின் நீளம் இந்த அளவில் 16 செ.மீ., அகலம் 6.7 செ.மீ. சாலை 6 மீட்டர் என்று வைத்தால் 17 செ.மீ. ஆகிறது, பலகையில் பாதிக்குமேல் சாலையே தின்றுவிடும். ஆகவே சாலையைச் சாய்வாக, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஓடவிட்டு, ஒரு பக்கத்து ஓரத்தைப் பலகைக்கு வெளியே வெட்டுங்கள். டாங்கியின் மூக்கு பலகை விளிம்புக்கு இணையாக நிற்கக் கூடாது. இரவுக் காட்சி முயலாதீர்கள். எல்லாவற்றையும் நீலம் பூசினால் எதுவும் தெரியாது. விடிந்தபின் உள்ள நேரத்தை எடுங்கள். சாலைத்தடையின் முன் டாங்கி நிற்க, இரண்டு வீரர்கள் இறங்கித் தடையை அகற்றுவது நல்ல காட்சி. செத்துக் கிடப்பவர்களைக் குவிப்பதைவிட, அவசரத்தில் விட்டுப்போன ஒரு தலைக்கவசமும் கவிழ்ந்த தண்ணீர் டின்னும் அந்தக் காலையைத் தெளிவாகச் சொல்லும்.

இனி பால்மரம். இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 20 மீட்டர் மரம் 1/35-இல் 57 செ.மீ. அதை முழுதாகச் செய்தால் டாங்கியை யாரும் பார்க்க மாட்டார்கள். தண்டை 22 செ.மீ. உயரத்தில் நிறுத்தி, காட்சிப்பெட்டியின் மேல்மூடியில் முட்டவிடுங்கள். கிளையும் இலையும் பெட்டிக்கு மேலே இருப்பதாகப் பார்ப்பவர் மனம் எடுத்துக்கொள்ளும். தண்டின் பருமனைக் கணக்குப் போட்டே எடுக்கவேண்டும். முதல் சீவலுக்கு வரும் மரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 50 செ.மீ.; அது 1/35-இல் 4.5 மி.மீ. விட்டம். 90 செ.மீ. சுற்றுள்ள பழைய மரம் 8 மி.மீ. விட்டம். ஆகவே 7 முதல் 9 மி.மீ. பருமனுள்ள குச்சி. கொய்யாக் குச்சி பொருத்தமானது, பட்டை வழவழப்பாக இருப்பதால் பெரிய மரம்போல் தோன்றும். நுனிவரை ஒரே பருமனாக இருக்கும் துண்டாகத் தேர்ந்து, ஒரு வாரம் காயவைத்து, வெட்டுமுனைகளில் வார்னிஷ் தடவிவிடுங்கள். இல்லையென்றால் அதற்குள்ளிருந்து பூச்சி வரும்.

சீவல் கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, 30 டிகிரி சரிவில், தண்டின் பாதிச்சுற்று மட்டும். கத்திமுனையால் கீறி, கோட்டுக்கு மேலே பழைய சீவல்பட்ட பகுதியைக் கொஞ்சம் வெளிறிய பழுப்பாக்குங்கள். கோட்டின் கீழ்முனையில் 2 மி.மீ. தகரத் துண்டு, அதன்கீழ் மெல்லிய கம்பியில் தொங்கும், பால் சேரும் மங்கு. மங்கின் வாய் 3.5 மி.மீ. இருந்தால் சரி, 3.5 மி.மீ. துளைப்பானின் மழுங்கிய முனையை எபோக்ஸி புட்டியில் அழுத்தி எடுத்தால் அந்த வடிவம் கிடைத்துவிடும். வரிசைக்கு வரிசை 6 மீட்டர், மரத்துக்கு மரம் 3 மீட்டர் என்று எடுத்தால் 17 செ.மீ., 8.6 செ.மீ. இடைவெளி. பலகையில் மூன்று மரத்துக்குமேல் வராது. அவை நேர்கோட்டில் நிற்கவேண்டும். நேர்வரிசைதான் அதைத் தோட்டம் என்று காட்டும். மனம்போனபடி நட்டால் காடாகிவிடும்.

தரைக்குச் செம்மண். அடியில் அழுத்தமான நீல அல்லது இளஞ்சிவப்பு ஃபோம். வெள்ளை மணி ஃபோம் உதிரும். ஃபோமின்மேல் நேராக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் அது உருகிவிடும் என்பதை மறக்கவேண்டாம். அசல் மண்ணையே எடுத்து, ஓவனில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டு, தேநீர் வடிகட்டியில் சலித்து, மண் 3 பங்கு, வெள்ளைப் பசை 1, தண்ணீர் 1 என்று குழைத்து 3 மி.மீ.க்கு மிகாமல் பூசுங்கள். அதைவிடத் தடித்தால் மேல் காய்ந்து உள் சுருங்கும்போது வெடிக்கும். பசை மண்ணின் நிறத்தை இருட்டாக்கும். முதலில் ஒரு அட்டைத்துண்டில் பூசிக் காயவிட்டுப் பாருங்கள். இருண்டால் பஃப் (வெளிர் மண்) நிறத்தை உலர்தூரிகையில் மேலாகத் தடவினால் போதும்.

லாலான் புல்லுக்குச் சணல் கயிற்றைப் பிரித்து 20 முதல் 28 மி.மீ. நீளத்தில் வெட்டிக் கொத்துக் கொத்தாக நடுங்கள். மின்னேற்றியில் தூவும் செயற்கைப் புல் நம் ஈரத்தில் கட்டிபிடிக்கும், நிமிர்ந்தும் நிற்காது. அதைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் முந்தின இரவே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடிவைத்துவிடுங்கள்.

கேள்வி: லோரோங் குலிட் சந்தையில் ஒரு பை நிறைய மென்பிளாஸ்டிக் படைவீரர்கள் வாங்கினேன். எந்தப் பெயிண்ட் அடித்தாலும் கழுத்திலும் துப்பாக்கியிலும் உதிர்கிறது. — பாயான் லெப்பாஸ் வாசகர்

அந்த மென்பிளாஸ்டிக் பாலித்தீன் வகை. எதுவும் அதில் சுலபத்தில் பிடிக்காது, வளைந்தால் பூச்சு மட்டும் உடையும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, முழுதாகக் காயவைத்து, நீர் கலந்த வெள்ளைப் பசையை ஒரு மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். அதன்மேல் அக்ரிலிக், கடைசியில் மறுபடி ஒரு பசைப் பூச்சு, அதற்குமேல் மேட். பசை வளைந்து கொடுக்கும், அதனால் பெயிண்ட் உடையாது. கோணிய துப்பாக்கியை, அடுப்பிலிருந்து இறக்கிய சூடான நீரில் பத்து விநாடி அமிழ்த்தி, நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் முக்கினால் நிற்கும். கையில் ஒட்டிப் பிசுபிசுக்கும் பொம்மை என்றால் அது பிவிசி. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் கசிகிறது. அதை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

கேள்வி: இருபது வருடம் பெட்டியில் கிடந்த டாங்கியைக் கட்டினேன். சக்கரங்கள் ரப்பர் சங்கிலி தொட்ட இடங்களில் உருகிக் குழிந்திருக்கின்றன. — பிறை வாசகர்

அதே கோளாறுதான். பழைய வினைல் சங்கிலியிலுள்ள எண்ணெய், பிளாஸ்டிக் சக்கரத்தைத் தின்னும். புதிதாகக் கட்டும்போது இரண்டையும் தனித்தனியே ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்துப் பெயிண்ட் செய்தபின் மாட்டுங்கள். முடிந்தால் துண்டு துண்டாகக் கோக்கும் பிளாஸ்டிக் சங்கிலிக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளிக் கண்காட்சிக்கு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையைப் பற்றி டயோராமா செய்ய நினைக்கிறோம். அந்த உருவங்கள் கடையில் கிடைப்பதில்லை. எப்படி உருவாக்குவது? பிள்ளைகளும் கலந்துகொள்ள வேண்டும். — செராஸ் ஆசிரியை

ஆசிரியை அவர்களே, இரண்டு காட்சிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 1943 ஜூலை 12 அன்று சிங்கப்பூரில், லட்சுமி சுவாமிநாதன் தலைமையில், புடவை கட்டிய பெண்கள் துப்பாக்கியேந்தி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை தந்தார்கள். அது ஒன்று. அக்டோபர் 22-இல் பயிற்சி முகாம் திறந்தபின், காக்கிச் சட்டையும் காற்சட்டையும் மடிப்புத் தொப்பியுமாக அணிவகுக்கும் காட்சி மற்றொன்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள் பலர் அந்தப் படையில் இருந்தார்கள். கோலாலம்பூரின் ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், அவர்களில் ஒருவர். புடவையும் துப்பாக்கியும் சேர்ந்த முதற்காட்சியையே பரிந்துரைக்கிறோம். பார்க்கும் பிள்ளை ஒரு நொடியில் புரிந்துகொள்ளும்.

உக்ரேனின் ஐசிஎம், மாஸ்டர் பாக்ஸ், மினியார்ட் நிறுவனங்கள் 1/35-இல் பெண் உருவங்கள் விற்கின்றன. பாவாடை அணிந்த உருவமாக எடுங்கள். புடவைக்கு அதுவே பாதி வேலை. உயரத்தை அளந்து பாருங்கள். 1.52 மீட்டர் உயரமுள்ள பெண் 43 மி.மீ. தான் இருக்கவேண்டும். பெட்டி உருவம் அதைவிட உயரமாக இருந்தால் பாவாடைக்குள் மறையும் காலிலிருந்து மிகுதியை அறுத்து எடுத்துவிடுங்கள். இந்த உயரக் கணக்கு முக்கியம். லீ-என்ஃபீல்டைத் தரையில் குத்திட்டு நிறுத்தினால் முனை அவர் அக்குளை எட்டும். நான்கு கிலோ கனமுள்ள அந்தத் துப்பாக்கி அவர்கள் கையில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை இந்த ஒரு விகிதமே காட்டிவிடும். உயரத்தைக் குறைக்காமல் விட்டால் காட்சியின் உயிரே போய்விடும்.

புடவை செய்யும் விதம்: நீலமும் மஞ்சளுமான எபோக்ஸி புட்டியைச் சம அளவில் எடுத்து ஒரே பச்சையாகும்வரை பிசைந்து அரை மணி நேரம் விடுங்கள். உடனே தேய்த்தால் விரலில் ஒட்டும். முகப்பவுடர் தூவிய இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்துப் பேனா மூடியால் உருட்டி 0.3 மி.மீ. தகடாக்குங்கள். 0.3 மி.மீ. என்பது நிஜத்தில் 1 செ.மீ. தடிப்பு, ஆகவே வெளியே தெரியும் ஓரங்களை மட்டும் ஈரமான ரப்பர்முனைக் கருவியால் இன்னும் மெலிதாக்க வேண்டும். முதலில் இடுப்பைச் சுற்றி ஒரு சுற்று. அது ஓர் இரவு இறுகியபின் முன்கொசுவம்: 4 மி.மீ. அகலத் துண்டில் ஊசியால் ஐந்து மடிப்புக் கோடுகள் இழுத்து, தொப்புளுக்குக் கீழ் ஒட்டி, கால்மிதியில் சற்றே விரியவிடுங்கள். கடைசியாக முந்தானை, இடத்தோளில் போட்டு, பின்னால் இழுத்து இடுப்பில் செருகியதுபோல. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் முந்தானையை அழுத்தும் விரல் கொசுவத்தை நசுக்கிவிடும்.

முகத்துக்கு நிறம்: பெட்டியில் எழுதியிருக்கும் தோல் நிறத்தை எடுக்காதீர்கள், அது வெள்ளைக்காரர் முகத்துக்கு. அதில் பழுப்பைக் கலந்தாலும் வெயிலில் கறுத்த ஐரோப்பியர்போலத்தான் வரும். வல்லேஹோவில் ஃபிளாட் பிரவுன் 2 பங்கு, சேடில் பிரவுன் 1 பங்கு அடிநிறம். நிழலுக்கு அதோடு சாக்லேட் பிரவுனும் துளி கருஞ்சிவப்பும். வெளிச்சம் விழும் நெற்றி, மூக்கு, கன்னத்துக்குப் பேஜ் பிரவுன். வெள்ளையைக் கலந்து வெளிச்சம் ஏற்றினால் முகம் சாம்பல் பூத்துவிடும். எல்லோருக்கும் ஒரே கலவை போடாமல் ஆளுக்கு ஒரு துளி கூட்டிக் குறையுங்கள். கண்ணின் வெள்ளைக்குத் தந்த நிறம். தூய வெள்ளை வைத்தால் திடுக்கிட்டு விழிப்பதுபோல் இருக்கும்.

பிள்ளைகளுக்குத் தரை பூசுவது, புல் நடுவது, நீர்வகை நிறத்தில் புடவை வண்ணம் தீட்டுவது ஆகியவற்றைக் கொடுங்கள். கத்தி, சூப்பர் குளூ, லாக்கர் பெயிண்ட், எபோக்ஸி புட்டி நான்கும் பெரியவர் கையில் இருக்கட்டும். மாணவர் ஒருவருக்கு ஒரு உருவம் என்று பொறுப்பைப் பிரித்தால் பன்னிரண்டு பேர் கொண்ட வரிசை 30 × 20 செ.மீ. பலகையில் நிற்கும்.

கேள்வி: கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த டயோராமாவின் மண்ணில் இரண்டே மாதத்தில் பஞ்சுபோல் வெள்ளை முளைத்திருக்கிறது. — பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

இதுதான் உண்மையான பூசணம். சுடாத மண், காயாத பசை, காற்றுப்போகாத பெட்டி மூன்றும் சேர்ந்தால் வரும். பெட்டியைத் திறந்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தூரிகையால் மண்ணில் மட்டும் ஒற்றுங்கள். உருவத்தில் பட்டால் அக்ரிலிக் பெயிண்ட் கரைந்து வரும். ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி அடிக்காதீர்கள். வேர் ஊன்றிய இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, விசிறிக்காற்றில் ஒரு வாரம் உலரவிட்டு, சுட்ட மண்ணால் ஒட்டுப்போடுங்கள்.

பெட்டியின் பின்பக்கம் அடியில் இரண்டு, மேலே இரண்டு என 5 மி.மீ. துளை போட்டு, பழைய நைலான் காலுறையை உள்ளிருந்து ஒட்டினால் காற்று போகும், எறும்பு வராது. முற்றிலும் அடைத்த பெட்டிதான் வேண்டுமென்றால் சிலிக்கா ஜெல் வையுங்கள். ஆரஞ்சு நிறம் பச்சையானதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டால் மறுபடி வேலைசெய்யும். அதை மாதாமாதம் மாற்ற மறப்பவருக்குத் துளைபோட்ட பெட்டியே மேல். அடிப்பலகை எம்டிஎஃப் என்றால் அடிப்புறம், விளிம்பு உட்பட ஆறு பக்கமும் வார்னிஷ் பூசுங்கள். மேல்பக்கம் மட்டும் பூசினால் கீழே ஈரம் ஏறிப் பலகை முறுக்கிக்கொள்ளும், சாலையில் வெடிப்பு விழும்.

கேள்வி: பினாங்கிலிருந்து கோலாலம்பூர் போட்டிக்கு டயோராமாவைக் கொண்டுபோக வேண்டும். விமானமா, காரா? — தஞ்சோங் பூங்கா வாசகர்

கார். விமானத்தில் போவதாக இருந்தால் பெயிண்ட் ஸ்ப்ரே டின்னைக் கைப்பையிலும் போடமுடியாது, பெட்டியிலும் போடமுடியாது. பலகையின் அடியில் இரண்டு துளை போட்டு, மரப்பெட்டியின் தரையில் திருகாணியால் இறுக்குங்கள். பக்கங்களில் பஞ்சு திணிக்காதீர்கள், புல்லில் ஒட்டி உருவத்தைப் பிடுங்கும். ஒவ்வொரு உருவத்தின் காலிலும் 0.5 மி.மீ. கம்பி ஊன்றியிருக்கவேண்டும், பசை மட்டும் நம்பினால் நெடுஞ்சாலைக் குலுக்கலில் ஆள் சாய்வான். ஓய்விடத்தில் சாப்பிட இறங்கும்போது மூடிய காருக்குள் வெயிலில் விட்டுப்போகாதீர்கள். ரெசின் உருவத்தின் மெல்லிய துப்பாக்கியும் கணுக்காலும் அந்தச் சூட்டிலேயே வளைந்துவிடும். வளைந்தால் ஊர்போய்ச் சேர்ந்ததும் சூடான நீரை மென்துணியில் நனைத்து ஒற்றி, மெல்ல நிமிர்த்தி, குளிர்ந்த துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். கையோடு சூப்பர் குளூ, இடுக்கி, ஊசி, தரைக்குப் பயன்படுத்திய அதே செம்மண் ஒரு சிறு டப்பா எடுத்துச் செல்லுங்கள்.